கிடாரையும் சேர்த்துப் பாடும் கூட்டம்

ஒரு பாட்டில் ரசிகர் கூட்டம் எந்த இடத்தில் வாய் திறக்கிறது என்று கவனித்தால் அந்தப் பாட்டைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். பெரும்பாலும் பல்லவியில்தான் திறக்கும். பாடகர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவார், கூட்டம் சொற்களை எடுத்துக்கொள்ளும். பிளாக் சபாத் என்ற ராக் குழுவின் கச்சேரிகளில் அதற்கு வெகு முன்பே திறந்துவிடும். 'அயர்ன் மேன்' என்ற பாட்டு தொடங்கும்போது பெரிய டிரம் ஒற்றை ஒற்றையாக இடிக்கும். கிடாரின் தடித்த தந்தி வளைந்து முனகும். பிறகு அந்தக் கனத்த வரி வரும். அதில் ஒரு சொல்லும் கிடையாது. ஆனாலும் பல்லாயிரம் பேர் அதைப் பாடுவார்கள். அவர்கள் பாடுவது கிடாரை.

ராக் இசையில் இந்த வரிக்கு ரிஃப் என்று பெயர். திரும்பத் திரும்ப வரும் சிறிய சுரக்கோவை அது. பாட்டின் மற்ற பாகங்கள் எல்லாம் அதன் மேல்தான் ஏறி நிற்கும். 'அயர்ன் மேன்' பாட்டில் பாடகரின் மெட்டும் கிடாரின் வரியும் ஏறக்குறைய ஒன்றே. கிடார் போகும் வழியிலேயே குரலும் போகிறது. ஆகவே சொற்களைப் பாடுகிறவரும் ரிஃபைத்தான் பாடுகிறார். ஆங்கிலம் அறியாத ஒருவர் சொற்களை விட்டுவிட்டுப் பாடினாலும் பாட்டில் எதையும் இழப்பதில்லை.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1968இல் நான்கு இளைஞர்கள் சேர்ந்து தொடங்கிய இந்தக் குழுவின் மீது ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ரசிகர்கள் வைத்திருக்கும் பிரியத்தைப் பழைய நினைவின் ஏக்கம் என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. குழு முதல் ஆல்பத்தை வெளியிட்டபோது பிறந்தே இராதவர்கள்தான் இன்று அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி. தாங்கள் வாழாத காலத்துக்காக ஏங்குவது எப்படி? நான் காணும் காரணம் வேறு. இந்த இசை கேட்கிறவருக்கு ஓர் இடம் ஒதுக்கிவைத்தே செய்யப்பட்டது. அந்த இடத்தை மேதாவிகள் யாரும் பிடித்துக்கொள்ள வராததால் ரசிகர்கள் அங்கே குடியேறி, அதைத் தாங்களே காத்து, பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டார்கள்.

டோனி அயோமி கிடார், கீசர் பட்லர் பேஸ் கிடார், பில் வார்ட் டிரம்ஸ், ஓஸி ஓஸ்போர்ன் குரல். நால்வரும் பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியில் வளர்ந்தவர்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்கள் கடுமையாகக் குண்டு வீசிய நகரம் அது. அவர்கள் சிறுவர்களாக இருந்தபோது இடிந்த வீடுகளின் மனைகள் இன்னும் வெறுமையாகக் கிடந்தன. ஓஸியின் தந்தை கருவிகள் செய்யும் தொழிலாளி, இரவு நேர வேலைக்காரர். தாயும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். சிறிய வீடு, ஆறு பிள்ளைகள். ஓஸி பள்ளியை விட்டபின் கார் ஹாரன்களைச் சுருதி பார்த்து அடுக்கும் வேலை செய்தார், இறைச்சிக்கூடத்தில் வேலை செய்தார், திருட்டு வழக்கில் சிக்கிச் சில வாரங்கள் சிறையிலும் இருந்தார். பட்லரின் குடும்பம் அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். இந்த நால்வரில் யாருக்கும் கலைக்கல்லூரிப் படிப்பு கிடையாது. அதே காலத்தின் பல பிரிட்டிஷ் குழுக்களுக்கு அது இருந்தது.

இனி அயோமியின் விரல்களைப் பற்றி. இந்தக் கதையைச் சபாத் ரசிகர்கள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். சொல்லித் தேயாத கதை என்பதால் நானும் சொல்கிறேன்.

அவருக்கு வயது 17. தகட்டுத் தொழிற்சாலையில் பற்றவைப்பு வேலை. இசைக்குழு ஒன்றோடு ஊர் ஊராகப் போகப்போகிறோம் என்ற கனவில் வேலையை விட்டுவிட்டார். அன்றுதான் கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை. எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று தாய் அனுப்பிவைத்தார். வழக்கமாகத் தகடு அழுத்தும் இயந்திரத்தில் நிற்கும் பெண் அன்று வரவில்லை. பழக்கமில்லாத அந்த இயந்திரத்தில் இவரை நிறுத்தினார்கள். அது இறங்கியது. வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளும் போய்விட்டன. அயோமி இடக்கைக்காரர். அவர் கிடாரில் தந்திகளை அழுத்திப் பிடிப்பது வலக்கையால்தான். மருத்துவர்கள் இனி வாசிக்க முடியாது என்றார்கள்.

தொழிற்சாலை மேலாளர் ஒருவர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். வாசித்தவர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட், தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்தபின்பும் உலகம் போற்றும்படி வாசித்த ஜாஸ் கலைஞர். அதைக் கேட்ட அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டி ஒன்றை எடுத்து உருக்கி உருண்டையாக்கினார். சூடான சால்டரிங் கோலால் அதில் குழி செய்து விரலில் பொருத்திப் பார்த்தார். உப்புத்தாளால் மணிக்கணக்கில் தேய்த்தார். தையற்காரர் விரலில் மாட்டுவது போன்ற ஒரு தொப்பி வந்தது. ஆனால் பிளாஸ்டிக் தந்தியில் வழுக்கியது. பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி அதன் மேல் ஒட்டினார். தோல் தந்தியைப் பிடித்துக்கொண்டது.

தொப்பி மாட்டிய விரலுக்குத் தந்தியின் உணர்வு தெரியாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் காதால்தான் அறிய வேண்டும். தடித்த தந்திகளை வளைக்க முடியவில்லை. மெல்லிய தந்திகள் அப்போது இங்கிலாந்தில் கிடைக்காததால் பேஞ்சோவின் தந்திகளை எடுத்துக் கிடாரில் மாட்டினார். பல சுரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் சிக்கலான பிடிகள் கைகூடவில்லை. ஆகவே இரண்டு மூன்று சுரங்களை மட்டும் பிடித்து, அதையே பெரிதாக ஒலிக்கவைக்க வழி தேடினார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் சில பாட்டுகளுக்குக் கிடாரின் சுருதியையே மூன்று அரைச்சுரம் இறக்கினார். தந்தி தளர்ந்தது, விரலுக்கு வலி குறைந்தது, ஒலியோ நிலத்துக்கு அடியிலிருந்து வருவதுபோல் கனத்தது. ஹெவி மெட்டல் என்று இன்று நாம் சொல்லும் ஒலியின் முக்கியமான குணங்களில் ஒன்று ஒரு தொழிலாளியின் காயத்துக்கு அவரே செய்துகொண்ட வைத்தியத்திலிருந்து வந்தது.

ரசிகர்களின் பிரியத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. இரண்டு விரல் நுனி இல்லாதவர் தன் கைக்கு ஏற்றபடி அமைத்துக்கொண்ட ரிஃப்கள் கற்றுக்குட்டியின் கைக்கும் அடங்குகின்றன. முதன்முதலாகக் கிடாரை மடியில் வைத்த சிறுவன் ஒரே மாலையில் 'அயர்ன் மேன்' வரியைத் தட்டுத்தடுமாறி வாசித்துவிட முடியும். அயோமியைப் போல வாசிப்பதற்கு ஆயுள் முழுதும் வேண்டும், அது வேறு. ஆனால் வாசல் திறந்திருக்கிறது. காதால் மட்டும் கேட்ட பாட்டைவிடத் தன் கையால் ஒருமுறை எழுப்பிப் பார்த்த பாட்டு மனிதனிடம் நெடுநாள் தங்கும். அவன் அதைத் தங்கைக்குக் காட்டுவான், பிறகு மகளுக்குக் காட்டுவான். சபாத்தின் இசை தலைமுறை தாண்டியது பெருமளவு இப்படிக் கைமாறித்தான்.

முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. அதற்கு முந்தைய அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில் பதிவு செய்தது. குழுவின் பெயர், ஆல்பத்தின் பெயர், முதல் பாட்டின் பெயர் மூன்றும் ஒன்றே. அந்த முதல் பாட்டை நள்ளிரவில் விளக்கணைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டித் தனியாகக் கேட்டுப் பாருங்கள் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். மழை பெய்கிறது. தொலைவில் தேவாலய மணி. இடி. பிறகு மூன்றே சுரம்.

நம் சுரக்கணக்கில் அதை எளிதாகச் சொல்லலாம். கீழ் ஸட்ஜம், மேல் ஸட்ஜம், அங்கிருந்து இறங்கி நடுவில் பிரதி மத்தியமம். அவ்வளவுதான். ஐரோப்பிய இசை மரபில் இந்த இடைவெளிக்குச் சாத்தானின் பெயரே பட்டப்பெயராக ஒட்டியிருக்கிறது. ஆனால் பிரதி மத்தியமத்தை நாம் பயந்து கேட்பதில்லை. கல்யாணியில் அதே சுரம்தான் மனதை மலர்த்துகிறது. அங்கே அதற்குப் பக்கத்தில் காந்தாரமும் பஞ்சமமும் துணை நிற்கின்றன. அயோமி அந்தத் துணைகளை எல்லாம் விலக்கிவிட்டு அந்தச் சுரத்தை வெட்டவெளியில் தனியே நிறுத்துகிறார். அதுவும் மிக மெதுவாக, நடுங்க நடுங்க. அச்சம் சுரத்தில் இல்லை, அதன் தனிமையில் இருக்கிறது. ஆங்கில இசையமைப்பாளர் குஸ்தவ் ஹோல்ஸ்டின் 'செவ்வாய்' இசைக்கோவையை பட்லர் அப்போது வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றும், அது அயோமியின் காதில் விழுந்து இப்படித் திரும்பியது என்றும் குழுவினரே சொல்லியிருக்கிறார்கள்.

விமர்சகர்களுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. 'ரோலிங் ஸ்டோன்' இதழில் லெஸ்டர் பேங்ஸ் முதல் ஆல்பத்தை ஏளனமாகத் தள்ளினார். மற்றவர்களும் முரட்டு இசை, மூடத்தனமான இசை என்ற போக்கில்தான் எழுதினார்கள். வானொலியின் ஆதரவும் பெரிதாக இல்லை. ஆனாலும் ஆல்பம் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 8ஆம் இடத்துக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த இரண்டாவது ஆல்பமான 'பாரனாய்ட்' முதலிடத்தைப் பிடித்தது. வாங்கியவர்கள் யார் சொல்லி வாங்கினார்கள்? சிறிய அரங்குகளில் நேரில் கேட்டவர்கள் நண்பர்களிடம் சொன்னார்கள், அவர்கள் தட்டை இரவல் வாங்கிப் போனார்கள். பத்திரிகை கைகாட்டிய இடத்துக்குப் போன கூட்டம் பத்திரிகை வேறு பக்கம் திரும்பியதும் கலைந்துவிடும். இந்தக் கூட்டம் பத்திரிகையை மறுத்துக்கொண்டே சேர்ந்தது. அதனால்தான் கலையவில்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

அந்த ரசிகர்களை ஊரில் அடையாளம் காண்பது எளிது. கையில்லாத ஜீன்ஸ் மேல்சட்டை, அதன் முதுகில் பெரிய துணிப்பட்டையாகக் குழுவின் பெயர், சுற்றிலும் சின்னப் பட்டைகள். கடையில் தைத்து வாங்குவது மரபல்ல. தானே ஊசி எடுத்துத் தைக்க வேண்டும். தையல் கோணலாக இருக்கும், ஓரம் பிரிந்திருக்கும், மேலே இன்னொரு நூலால் மறுபடி தைத்திருக்கும். அந்தச் சட்டையைத் துவைக்கமாட்டேன் என்று சாதிப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு கச்சேரி, ஓர் ஊர், ஒரு நண்பன். தந்தையின் சட்டையை வாங்கி அணிந்துகொண்டு வரும் பிள்ளைகளும் உண்டு.

சாத்தான் வழிபாட்டுக் குழு என்ற பழி நெடுங்காலம் அவர்களைத் துரத்தியது. பெயர் ஒரு பேய்ப்படத்தின் தலைப்பு. முதல் ஆல்பத்தின் உள்ளட்டையில் தலைகீழ்ச் சிலுவையை அச்சிட்டது இசைத்தட்டு நிறுவனம், குழுவைக் கேட்காமலே. நால்வரும் கழுத்தில் அணிந்ததோ நேரான சிலுவை. அவற்றில் முதலாவதை ஓஸியின் தந்தை தன் கையாலேயே உலோகத்தில் வெட்டிக்கொடுத்தார். பாட்டுகளைப் படித்துப் பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும். பெரும்பாலான பாடல்களை எழுதியவர் பட்லர். 'வார் பிக்ஸ்' ஏழைகளைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தாங்கள் ஒளிந்துகொள்ளும் அரசியல்வாதிகளையும் தளபதிகளையும் சபிக்கும் பாட்டு. எழுதிய காலம் வியட்நாம் போர்க்காலம். 'ஹேண்ட் ஆஃப் டூம்' அந்தப் போரிலிருந்து போதைப் பழக்கத்தோடு திரும்பிய சிப்பாய்களைப் பற்றியது. 'ஆஃப்டர் ஃபாரெவர்' கடவுளை நம்பச் சொல்லும் பாட்டு. இந்தக் குழுவைச் சாத்தான் கூட்டம் என்று வைதவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்டிருப்பார்கள்?

'பாரனாய்ட்' பாட்டுக்குத் தனி இடம் கொடுக்க வேண்டும். ஆல்பத்தில் சில நிமிடங்கள் குறைகின்றன, ஏதாவது செய்து நிரப்புங்கள் என்றார்கள். அரைமணி நேரத்துக்குள் உருவான பாட்டு அது. ஆல்பத்துக்கே 'வார் பிக்ஸ்' என்று பெயர் வைப்பதாக இருந்தது. நிறுவனம் கடைசி நேரத்தில் பெயரை மாற்றியது, ஆனால் அட்டைப்படத்தை மாற்றவில்லை. அதனால்தான் மனக்கலக்கம் என்று பொருள்படும் தலைப்புக்குக் கீழே வாளோடு ஒருவர் பாய்ந்து வருகிறார். அந்த அவசரப் பாட்டில் பட்லர் எழுதியது தன் மனச்சோர்வைப் பற்றி. யாரும் உதவ முடியவில்லை, எதிலும் மகிழ்ச்சி காண முடியவில்லை என்று நேராகச் சொல்லும் பாட்டு. 1970இல் தொழிற்சாலை வேலைக்குப் போகும் இளைஞன் இதை யாரிடம் சொல்லியிருக்க முடியும்? வீட்டில் சொன்னால் வேலையைப் பார் என்பார்கள். மதுக்கடையில் சொன்னால் சிரிப்பார்கள். அதைத் தலையை ஆட்டிக்கொண்டு, கத்திப் பாட வழி கிடைத்தது. மனத்தின் இருட்டைப் பற்றிய பாட்டு இத்தனை வேகமாக, இத்தனை துள்ளலாக இருப்பதில் ஒரு பெரிய கருணை இருக்கிறது. எத்தனையோ பேர் இந்தக் குழுவைத் தங்களைக் காப்பாற்றிய குழு என்று சொல்கிறார்கள். மிகையாகத் தோன்றலாம். இந்தப் பாட்டை வேண்டிய நேரத்தில் கேட்டவர்களுக்கு அது மிகையில்லை.

'வார் பிக்ஸ்' பாட்டிலும் ரசிகருக்கான இடம் அப்படியே செதுக்கிவைத்திருக்கிறது. முதல் அடிகளில் கிடார் இரண்டு அடி கொடுத்துவிட்டு முற்றிலும் நின்றுவிடும். டிரம்ஸின் மெல்லிய தகடு மட்டும் காலம் எண்ணிக்கொண்டிருக்கும். அந்த வெற்றிடத்தில் குரல் தனியே நிற்கும். பாடகர் வாயை மூடிக்கொண்டாலும் குறையில்லை, கூட்டம் முழு வரியையும் எடுத்துக்கொள்ளும். பில் வார்டின் கைகளில் ஜாஸ் பழக்கம் இருந்தது. எங்கே அடிக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். கனமான இசையை நினைக்கும்போது நமக்கு ஒலிதான் நினைவுக்கு வருகிறது. சபாத்தின் கனத்தில் பாதி இந்த மௌனங்களில் இருக்கிறது.

எழுபதுகளின் பிற்பகுதி சரிவுக்காலம். குடி, போதை, நிர்வாகத் தகராறுகள். 1979இல் ஓஸியை வெளியேற்றினார்கள். ரானி ஜேம்ஸ் டியோ வந்தார், 1980இல் 'ஹெவன் அண்ட் ஹெல்' வந்தது, அதுவும் பெரிய ஆல்பம். ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் நீட்டிக் காட்டும் முத்திரையை மெட்டல் உலகமெங்கும் பரப்பியவர் டியோதான். கண்ணேறு கழிக்கத் தன் இத்தாலியப் பாட்டி செய்வது அது என்பார். அதன் பிறகு பாடகர்கள் பலர் வந்து போனார்கள். அயோமி மட்டும் கடைசிவரை விலகவே இல்லை. ஓஸியா டியோவா என்று ரசிகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். இந்தச் சண்டையில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஒரு குடும்பத்துக்குள் தாத்தாவின் குணத்தைப் பற்றி நடக்கும் வாக்குவாதம்போல் அது. சண்டை போடுகிறவர் இருவருக்குமே அந்த வீடு சொந்தம்.

1997 டிசம்பரில் நால்வரும் பர்மிங்காமில் மீண்டும் ஒன்றுசேர்ந்தார்கள். 2013இல் வந்த '13' ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 'பாரனாய்ட்' முதலிடம் பிடித்து ஏறக்குறைய 43 ஆண்டுகள் கழித்து. ஆனால் அந்த ஆல்பத்தில் பில் வார்ட் இல்லை. ஒப்பந்தம் ஏற்கும்படி இல்லை என்று 2012இல் விலகிவிட்டார். வெற்றிச் செய்தியைக் கொண்டாடிய அதே ரசிகர்கள் பில் இல்லாமல் என்ன சபாத் என்று வருந்தினார்கள். 2017 பிப்ரவரி 4 அன்று பர்மிங்காமில் நடந்த இறுதிக் கச்சேரியிலும் அவர் இல்லை. அந்த வெறுமை ரசிகர்கள் மனத்தில் தீராத கடனாகவே தங்கியது.

நகரம் தன் பிள்ளைகளை அங்கீகரிக்க வெகுகாலம் எடுத்துக்கொண்டது. லிவர்பூல் பீட்டில்ஸை எப்படிக் கொண்டாடியது என்று பார்க்கும் எந்தப் பர்மிங்காம் ரசிகருக்கும் இந்த ஆதங்கம் இருந்திருக்கும். 2019இல் பிராட் ஸ்ட்ரீட்டில் கால்வாயின் மேல் உள்ள பாலத்துக்கு பிளாக் சபாத் பாலம் என்று பெயர் வைத்து, நால்வரின் முகங்களும் கொண்ட உலோக பெஞ்சு ஒன்றை அங்கே வைத்தார்கள். அதே ஆண்டு நகர அருங்காட்சியகத்தில் குழுவின் ஐம்பதாண்டைக் கொண்டாடிய கண்காட்சி நடந்தது. கலைஞர்களின் பொருள்களோடு ரசிகர்களின் புகைப்படங்களையும் அங்கே மாட்டியிருந்தார்கள் என்பது எனக்கு மிகவும் சரியாகப் பட்டது. 2022 காமன்வெல்த் போட்டித் தொடக்க விழாவுக்காகச் செய்த பிரம்மாண்டமான இயந்திரக் காளையை மறு ஆண்டு ரயில் நிலையத்தில் நிறுத்தியபோது, அதற்கு என்ன பெயர் என்று மக்களைக் கேட்டார்கள். மக்கள் ஓஸி என்றார்கள். 2023இல் நகரின் ராயல் பாலே குழு சபாத் இசைக்கு ஆடியது. 2025 ஜூன் 28 அன்று நால்வருக்கும் நகரத்தின் உயரிய கௌரவத்தை அளித்தார்கள்.

அதற்கு ஒரு வாரம் கழித்து, ஜூலை 5. இடம் வில்லா பார்க் கால்பந்து அரங்கம். ஓஸி வளர்ந்த லாட்ஜ் சாலை வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். பட்லரோ அந்த அரங்கத்துக்குரிய ஆஸ்டன் வில்லா அணியின் ஆயுட்கால ரசிகர். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடினார்கள். பகல் முழுக்க உலகின் பெரிய மெட்டல் குழுக்கள் ஒவ்வொன்றாக வந்து வாசித்தன. வருமானம் பார்கின்சன் நோய் ஆராய்ச்சிக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் குழந்தைகளுக்கான அந்திமக்காலப் பராமரிப்பு இல்லத்துக்கும் போனது.

அன்று யார் எந்தப் பாட்டை எடுத்தார்கள் என்ற பட்டியலில்தான் என் கண் நின்றது. ஒவ்வொரு குழுவும் சபாத்தின் அல்லது ஓஸியின் பாட்டையும் வாசிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மெட்டாலிகா எடுத்தவற்றில் ஒன்று 'ஜானி பிளேட்'. 1978இல், குழு உடைந்துகொண்டிருந்த நேரத்தில், விமர்சகர்களும் பல ரசிகர்களும் கைவிட்ட ஆல்பத்தில் மறைந்து கிடந்த பாட்டு அது. கன்ஸ் அண்ட் ரோஸஸ் எடுத்தவற்றில் ஒன்று 'இட்ஸ் ஆல்ரைட்'. 1976 ஆல்பத்தில் ஓஸி பாடாமல் பில் வார்ட் பாடிய மென்மையான பாட்டு. அரங்குகளை நிரப்பும் இந்தக் கலைஞர்களுக்குப் புகழ்பெற்ற பாட்டை எடுத்துக் கைதட்டல் வாங்குவது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் யாரும் கேட்காத பாட்டை, அறையில் தனியாக நூறு முறை கேட்டுக் காதலித்த பாட்டைத்தான் அவர்கள் எடுத்தார்கள். அன்று மேடையில் நின்றவர்களும் கீழே நின்றவர்களும் ஒரே சாதி. கோணலான தையலோடு சட்டை அணிந்து வளர்ந்தவர்கள்.

இரவில் மேடைக்கு அடியிலிருந்து கறுப்பு அரியணை ஒன்று எழும்பியது. அதில் ஓஸி. பார்கின்சன் நோயும் முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சைகளும் அவரை நிற்க விடவில்லை. எழ முயல்வார், அமர்ந்துவிடுவார். குரல் பல இடங்களில் தடுமாறியது. அந்த இடங்களைக் கூட்டம் நிரப்பியது. பிறகு அயோமியும் பட்லரும் வந்தார்கள். டிரம்ஸுக்குப் பின்னால் பில் வார்ட். நால்வரும் ஒரே மேடையில் வாசித்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. 'வார் பிக்ஸ்', 'என்.ஐ.பி.', 'அயர்ன் மேன்', 'பாரனாய்ட்'. நான்கே பாட்டு. ரசிகர்களின் அந்தப் பழைய கடன் அன்று தீர்ந்தது. 'வார் பிக்ஸ்' பாட்டில் தகடு மட்டும் ஒலிக்கும் வெற்றிடங்கள் 1970இல் எதற்காக விடப்பட்டனவோ தெரியாது. அன்று அவை, 76 வயதில் மூச்சு வாங்கிய ஒரு மனிதரை நாற்பதாயிரம் பேர் கைத்தாங்கலாகக் கொண்டுசெல்லப் பயன்பட்டன.

பதினேழு நாள் கழித்து, ஜூலை 22 அன்று ஓஸி இறந்தார்.

பாலத்து பெஞ்சு பூக்களால் மூடிப்போனது. கடிதங்கள், பியர் டப்பாக்கள், ஓஸியின் அடையாளமாகிவிட்ட வௌவால்களைக் குழந்தைகள் வரைந்த படங்கள். ஜூலை 30 அன்று பிராட் ஸ்ட்ரீட்டின் இரு பக்கமும் ஆயிரக்கணக்கானோர் நின்றார்கள். வெள்ளைத் தாடிக்காரர்கள், தோளில் பிள்ளையைத் தூக்கியவர்கள், அலுவலக உடையில் வேலைக்கு நடுவே எழுந்து வந்தவர்கள். அவருடைய பெயரைச் சொல்லிச் சொல்லி முழக்கமிட்டார்கள். ஊர்தி பாலத்தருகே நின்றது. குடும்பத்தார் இறங்கிப் பூக்களுக்கு முன் நின்று, கடிதங்களைப் பார்த்தார்கள்.

ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தது உள்ளூர் பித்தளை வாத்தியக் குழு, பாஸ்டின் பிராஸ். பாஸ்டின் என்றால் அந்தப் பகுதிப் பேச்சுவழக்கில் அருமை என்று பொருள். அவர்கள் 'அயர்ன் மேன்' வாசித்தார்கள். மைக் இல்லை, சொல் இல்லை. பாடகர் ஒருவரைச் சொந்த ஊர் வழியனுப்பிய அந்தத் தெருவில் கிடாரின் வரி மட்டும் எக்காளங்களில் ஏறி வந்தது. நின்றவர்கள் எல்லோருக்கும் அது பாடத் தெரிந்த வரி.